கணினி கேட்கும் அந்தக் கேள்வியை அணைத்துவிடலாமா?

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். மதுரை சிம்மக்கல் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ், அழைப்பிதழ் வேலை செய்யும் கடை வைத்திருக்கிறேன். நான்கு கணினிகள், மூன்று வேலையாட்கள். எந்தக் கணினிக்கும் பாஸ்வேர்டு கிடையாது. சுவிட்சைப் போட்டதும் நேராகத் திறக்கும். வைகாசி முகூர்த்த நெருக்கடியில் வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த பென்டிரைவைச் செருகினோம். அதிலிருந்த கோப்புகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறின. மறுநாள் மற்ற கணினிகளிலும் அதே கதை. சர்வீஸ் செய்யும் தம்பி வந்து இரண்டு கணினிகளை ஃபார்மட் செய்தார். அந்த இரண்டிலும் இப்போது ‘மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா, ஆமா, இல்லையா’ என்ற கேள்வி வருவதே இல்லை. மற்ற இரண்டிலும் எதைத் தொட்டாலும் வருகிறது. அங்கேயும் அணைத்துவிடலாம் என்கிறார். அணைக்கலாமா? நல்ல ஆன்டிவைரஸ் வாங்கினால் போதாதா? என் தங்கை மகன், ‘விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுங்கள் மாமா, வைரஸே வராது’ என்கிறான். இன்னொருவர், வேலையாட்களிடமிருந்து அட்மின் உரிமையை எடுத்துவிடுங்கள் என்கிறார். பதினெட்டு வருடமாக என்னோடு இருக்கும் அண்ணனிடம் அதை எப்படிச் சொல்வது? ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வேன்?

— பெயர் வேண்டாம், மதுரை-1

பதில்:

வணக்கம். கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யும் இரண்டு கணினிகள் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும். கேட்காமல் இருக்கும் அந்த இரண்டைத்தான் முதலில் பார்க்கவேண்டும். உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்தவன் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன்.

விண்டோஸுக்குள் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயரிலேயே ஒரு கணக்கு பிறவியிலேயே இருக்கிறது. 2007-ல் விஸ்டா என்ற விண்டோஸ் பதிப்பு வந்ததிலிருந்து அதை முடக்கி வைத்துத்தான் மைக்ரோசாஃப்ட் கொடுக்கிறது. சர்வீஸ் செய்பவர்கள் சிலர் ஃபார்மட் முடிந்ததும் அதை எழுப்பி, கடையின் அன்றாட வேலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். எந்த மென்பொருளும் முரண்டு பிடிக்காது. வாடிக்கையாளரும் ‘முன்னைவிட நன்றாக ஓடுகிறதே’ என்பார். திரும்பத் திரும்ப போன் வராது. அந்தக் கணக்கில் இருப்பவரிடம் விண்டோஸ் இயல்பாகவே எதையும் கேட்பதில்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கணக்கின் பெயரே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருந்தால் நான் சொல்வது இதைத்தான். பெயர் உங்கள் கடைப் பெயராக இருந்து, செட்டிங்ஸில் அதன் வகை மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருந்தால், தம்பி கேள்வியை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். எப்படியானாலும் பலன் ஒன்றே: அங்கே யார் எதைத் திறந்தாலும், திறக்கப்பட்டது முழு அதிகாரத்தோடு ஓடும். வைகாசியில் வந்த பென்டிரைவ் ஆவணியில் மறுபடி வந்தால், சென்ற முறையைவிட வசதியாக உள்ளே போகும்.

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று தெரிந்தால் அதன்மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் பாதி குறையும். விண்டோஸ் 95, 98 காலத்தில் கணினி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். எஸ்கேப் பொத்தானைத் தட்டினால் ‘சரி, வாருங்கள்’ என்று உள்ளே விட்டுவிடும். 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது உள்ளே உண்மையான கதவுகளும் பூட்டுகளும் இருந்தன. ஆனால் நிறுவும்போது உருவாக்கிய கணக்குகள் எல்லாமே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குகள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் இடுப்பிலும் பீரோ சாவி. மென்பொருள் எழுதுபவர்களும் அதற்கே பழகினார்கள். எங்கே வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்ற நினைப்பில் எழுதினார்கள். உங்கள் தொழிலில் இன்றும் பலர் விடாமல் வைத்திருக்கும் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் அந்த 2001-ஆம் வருடத்துப் பிள்ளைதான்.

விஸ்டா அந்தப் பழக்கத்தை உடைக்கப் பார்த்தது. அட்மினிஸ்ட்ரேட்டராகவே உள்ளே வந்தாலும் உங்களுக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள் கொடுத்தது. ஒன்று சாதாரணச் சீட்டு, மற்றது முழு அதிகாரச் சீட்டு. அழைப்பிதழ் வடிவமைப்பது, பிரவுசர் திறப்பது எல்லாம் முதல் சீட்டில் நடக்கும். இரண்டாவது தேவைப்படும்போது மட்டும் திரை மங்கி அந்தக் கேள்வி வரும். திரை மங்குவது அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். கேள்வி நிற்பது தனித் திரையில். வேறு எந்த நிரலும் அங்கே புகுந்து உங்கள் சார்பில் ‘ஆமா’ என்று அழுத்திவிட முடியாது. அதற்காகத்தான் அந்த இருட்டு.

விஸ்டா எல்லோரையும் எரிச்சலூட்டியது. 2008-ல் ஒரு மாநாட்டில், மைக்ரோசாஃப்டில் அதற்குப் பொறுப்பாக இருந்தவரே, எரிச்சலூட்டுவதற்காகத்தான் வைத்தோம், அப்போதுதான் மென்பொருள் எழுதுபவர்கள் திருந்துவார்கள் என்ற பொருளில் பேசினார். எனக்குப் பிடித்த வெளிப்படையான பேச்சு அது. ஆனால் அந்த நாட்களில் நானும் வாடிக்கையாளர்களின் கணினிகளில் அந்தக் கேள்வியை அணைத்துக் கொடுத்தவன்தான். கேட்டார்கள், அணைத்தேன், காசு வாங்கினேன். உங்கள் தம்பியைக் குறை சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிச் செருகுவார்களே, அதே வேலை. கம்பி சுற்றிய அன்று மின்விசிறி ஓடும். நமக்கும் கெட்டிக்காரன் என்று பெயர் கிடைக்கும்.

ஆகவே அணைக்காதீர்கள். அணைத்ததையும் திரும்பப் போடுங்கள்.

இதோடு பதிலை முடித்தால் உங்களுக்குப் பாதி பதில்தான் கிடைக்கும். ஏனென்றால் ‘ஆமா’, ‘இல்லை’ என்ற அந்த இரண்டு பொத்தான்களால் மட்டும் பெரிய காவல் எதுவும் இல்லை. நெரிசல் நேரத்தில் கை தானாக ‘ஆமா’வுக்குப் போகும். மைக்ரோசாஃப்டும் அட்மினிஸ்ட்ரேட்டரிடம் கேட்கும் அந்தக் கேள்வியை உறுதியான பாதுகாப்பு எல்லையாகக் கணக்கில் வைப்பதில்லை. அந்த எல்லை சாதாரணக் கணக்குக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கும் நடுவில் இருக்கிறது. ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ என்ற வகைக் கணக்கில் வேலை செய்பவரிடம் ‘ஆமா’ பொத்தானை மட்டும் நீட்டிவிட்டு விண்டோஸ் நிற்காது. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லைக் கேட்கும். கை போன போக்கில் யாரும் கடவுச்சொல்லைத் தட்டிவிட மாட்டார்கள். இன்னொரு ஆதாயம், அந்தக் கணக்கில் கேள்வியே அபூர்வமாகத்தான் வரும். பத்திரிகை அடிக்கவும், போஸ்டர் வடிவமைக்கவும், பிரின்ட் எடுக்கவும் அட்மினிஸ்ட்ரேட்டர் எதற்கு?

உங்கள் பென்டிரைவ் கதையையே எடுத்துக்கொள்வோம். அந்த ஷார்ட்கட் வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து வைக்கிறது. அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை முன்னால் நிறுத்துகிறது. நீங்கள் ‘கல்யாணப் பத்திரிகை’ என்று நினைத்து இரண்டு முறை தட்டும்போது, உள்ளே ஒளிந்திருக்கும் சிறு நிரல் ஓடுகிறது. சந்தேகம் வராமல் இருக்கப் பத்திரிகையையும் திறந்து காட்டிவிடுகிறது. அப்படி ஓடும் நிரலுக்கு என்ன அதிகாரம்? தட்டிய உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. முழு அதிகாரக் கணக்கு என்றால் அது விண்டோஸின் சொந்த அறைகளுக்குள் போகலாம், எல்லாப் பயனர்களுக்குமாகத் தன்னைப் பதிந்துகொள்ளலாம், ஆன்டிவைரஸை நிறுத்தப் பார்க்கலாம். சாதாரணக் கணக்கு என்றால் அந்த ஒரு பயனரின் அறைக்குள்தான் அதன் ஆட்டம். அங்கேயும் தொல்லை கொடுக்கும், அடுத்த பென்டிரைவில் ஏறிக்கொள்ளும். ஆனால் பெரும்பாலும் வேறொரு கணக்கிலிருந்து அந்த அறையைத் துடைத்தெடுத்துவிடலாம். ஃபார்மட் வரை போகவேண்டிய தேவை பொதுவாக இருக்காது. ஃபார்மட்டுக்குக் கொடுத்த காசையும், வைகாசியில் இழந்த இரண்டு நாட்களையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நான்கு கணினிகளில் உள்ள வடிவமைப்பு மென்பொருள்கள் காசு கொடுத்து வாங்கியவைதானா? மதுரையில் நான் போன டிடிபி கடைகளில் பாதிக்கு மேல் இதற்குப் பதில் ஒரு சிரிப்புதான். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். உடைத்த மென்பொருளோடு வரும் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்: ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், வலது பக்கம் சொடுக்கி அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு நாமே நாய்களைக் கட்டிப்போட்டு, வாசலைத் திறந்து, பீரோ சாவியையும் கையில் கொடுக்கிறோம். அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் உங்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் ‘ஆமா’ என்று சொன்னது நீங்கள். இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் போன்றவை விலையில்லாமலே கிடைக்கின்றன; பழகக் கொஞ்ச நாளாகும். மாறமுடியாது என்றால் அன்றாடம் தேவைப்படும் ஒன்றையாவது முறையாக வாங்குங்கள்.

இனி செய்முறை. ஆனி முடியப்போகிறது, ஆடியில் கல்யாணப் பத்திரிகை வேலை இருக்காது, கூழ் ஊற்றும் விழா நோட்டீஸ் சில வரும், அவ்வளவுதான். அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கேள்வி கேட்கும் இரண்டு கணினிகளில் வேலை எளிது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், புதிதாக ஒரு கணக்கை உருவாக்குங்கள். அதை அட்மினிஸ்ட்ரேட்டர் வகையாக மாற்றி நல்ல கடவுச்சொல் வையுங்கள். வெளியே வந்து, அந்தப் புதிய கணக்கில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போய்விட்டு, சாவியை உள்ளே வைத்து வெளியே நின்று கதவைச் சாத்தியவர்கள்போல என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. உள்ளே போகமுடிகிறது என்று தெரிந்தபின், அங்கிருந்தே பழைய கணக்கை ஸ்டாண்டர்ட் வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய கணக்கைத்தான் இறக்கவேண்டும், வேலைக்கென்று புதுக் கணக்கு தொடங்கவேண்டாம். பழையதையே இறக்கினால் டெஸ்க்டாப்பில் உள்ள கோப்புகள், மென்பொருள் அமைப்புகள், பிரவுசரில் உள்ளவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். வேலையாட்களுக்கு வித்தியாசமே தெரியாது. அந்தக் கணக்குக்கும் ஒரு கடவுச்சொல் வேண்டும். கடையில் பகலெல்லாம் யார் யாரோ வந்து போகிறார்கள்.

கேள்வி கேட்காத இரண்டில் கொஞ்சம் வேலை அதிகம். பிறவி அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்கமுடியாது. அட்மினிஸ்ட்ரேட்டர் வகையில் ஒன்று, ஸ்டாண்டர்ட் வகையில் ஒன்று என்று புதிதாக இரண்டு கணக்குகள் தொடங்கி, கோப்புகளை நகலெடுத்து, கடைசியாக அந்தப் பழைய கணக்கை முடக்கவேண்டும். முடக்குவதற்கு ஒரே வரிக் கட்டளைதான். தம்பிக்குத் தெரியும், அவர்தானே எழுப்பினார். கேள்வியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் நான்கு படிகள் உள்ள ஒரு நகர்த்தி இருக்கிறது. அதை மேல்படியில் வைக்கச் சொல்லுங்கள். மேலிருந்து இரண்டாவது படியில் விண்டோஸ் தன் சொந்தக் கருவிகள் சிலவற்றைக் கேட்காமலே மேலே ஏற்றிவிடும், அந்தச் சந்து வழியாக நுழையும் நிரல்கள் உண்டு.

பழைய மென்பொருள் ஏதாவது, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும். அது பெரும்பாலும் தான் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே எதையோ எழுதப் பார்க்கிறது, விண்டோஸ் மறுக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் சாதாரணப் பயனர்களும் எழுதலாம் என்று உரிமை கொடுத்தால் பல நேரம் வாயை மூடிக்கொள்ளும். ஒரு மென்பொருளுக்காக வீடு முழுவதையும் திறந்துவிடத் தேவையில்லை.

எழுத்துருதான் உங்கள் தொழிலில் அடிக்கடி வரும் தடங்கல். 2018-ல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலில் இருந்து சாதாரணப் பயனர் தனக்கு மட்டுமான எழுத்துருவைத் தானே நிறுவிக்கொள்ளலாம். ஆனால் சில பழைய மென்பொருள்களின் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையே, உங்களிடம் உள்ள தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்ற தெரிவில் நிறுவிவிடுங்கள். பிரின்டரைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர் நிரல்களும் அப்படித்தான். 2021-ல் பிரின்டர் சேவையில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அதன்பிறகு நெட்வொர்க் வழியே பிரின்டர் டிரைவரை நிறுவுவதற்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கேட்கிறார்கள்.

இப்போது உங்கள் அண்ணன் விஷயம். உண்மையில் இதற்காகத்தான் நீங்கள் கடிதம் எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

1975-ல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர், கணினியில் தகவலைக் காப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தோடு இயங்கவேண்டும் என்ற விதி அதில் இருக்கிறது. அதற்கு முதன்மைக் காரணமாக அவர்கள் சொன்னது விபத்தாலும் தவறாலும் வரும் சேதம் குறையும் என்பதை. திருட்டையோ துரோகத்தையோ அவர்கள் முதலில் வைக்கவில்லை. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதள உலகத்தில் ‘ரூட்’ என்ற முழு அதிகாரக் கணக்கை வைத்திருந்த நிர்வாகிகளே அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்கில்தான் செய்தார்கள். தேவையான ஒரு கட்டளைக்கு மட்டும் அதிகாரத்தைக் கடன் வாங்கும் ‘சூடோ’ என்ற கருவி 1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. தங்களையே தங்களிடமிருந்து காத்துக்கொள்ள அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். முதலில் உங்கள் கணினி, உங்கள் கணக்கு. முதலாளியே ஸ்டாண்டர்ட் பயனராகி ஒரு வாரம் வேலை செய்யட்டும். எங்கே மாட்டுகிறது, எந்த மென்பொருள் அழுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘அண்ணே, நான் ஒரு வாரமாக இப்படித்தான் வேலை செய்கிறேன், நீங்களும் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். அதற்குமேல் ‘நம்பிக்கை இல்லையா’ என்ற கேள்விக்கு அங்கே இடம் இருக்காது.

இன்னொன்றும் செய்யுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று வருகிறது. விடிவதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். நீங்கள் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறீர்கள், போன் எடுக்கவில்லை. பிரின்டர் டிரைவர் தகராறு செய்து கடவுச்சொல் கேட்கிறது. துக்க வீட்டுக்காரரிடம் ‘முதலாளி வரட்டும்’ என்று சொல்லமுடியுமா? அதற்காக, அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் உங்கள் கையெழுத்தையும் தேதியையும் போட்டு, அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் அவர் பிரிக்கலாம், யாரையும் கேட்கவேண்டியதில்லை. பிரித்தால் மறுநாள் எதற்கென்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும், நீங்கள் கடவுச்சொல்லை மாற்றிப் புது உறை கொடுப்பீர்கள். அன்றாட வேலைக்கு உரிமையைக் குறைத்துவிட்டு, அவசரத்துக்கு முழு உரிமையையும் அவர் கையில் வைக்கிறீர்கள். பதினெட்டு வருடத்துக்கு அதுதான் மரியாதை. மற்ற இருவர் முன்னிலையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஆன்டிவைரஸ் போதுமா என்று கேட்டீர்கள். விண்டோஸோடு வருவதே உங்களுக்குப் போதும். அதை யாரும் நிறுத்தமுடியாமல் இருந்தால் சரி, சாதாரணக் கணக்கிலிருந்து நிறுத்தமுடியாது. எனக்குப் பெரிய கவலை வேறு. சாதாரணக் கணக்குக்கு மாறிவிட்டோம் என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தேவையே இல்லை. உங்கள் அழைப்பிதழ் கோப்பைத் திருத்த உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் கணக்கில் ஓடும் நிரலுக்கும் அதே உரிமை. பூட்டுவதும் ஒருவகைத் திருத்தம்தானே? சாதாரணக் கணக்கில் இருந்தால் ஒரு சகாயம் உண்டு. கோப்புகளின் பழைய நிலையை விண்டோஸ் எடுத்துவைக்கும் நிழல் பிரதிகளை அழிக்க அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும், ரான்சம்வேர்கள் பல முதலில் அதைத்தான் அழிக்கப் பார்க்கும். அந்தப் பிரதிகளை எடுக்கவைக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷன் உங்கள் கணினிகளில் போடப்பட்டிருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அது அணைந்தே கிடக்கும்.

நான்கு கணினிகளும் ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்கின்றன என்று ஊகிக்கிறேன். ‘எல்லோருக்கும் எல்லா உரிமையும்’ என்று திறந்து வைத்திருந்தால், ஒரு கணினியில் நுழைந்தது நான்கின் சொத்தையும் பூட்டும். முடிந்த வேலைகளுக்குத் தனி ஃபோல்டர் வையுங்கள். மற்ற மூன்றும் அதை வாசிக்கலாம், எழுதமுடியாது. ‘சென்ற வருடம் மூத்தவளுக்கு அடித்த அதே காதணி விழா பத்திரிகை, பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுங்கள்’ என்று வருகிறவர்கள்தானே உங்கள் நிரந்தர வாடிக்கையாளர்கள்? அந்தப் பழைய கோப்புகள்தான் உங்கள் முதல். இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி நகலெடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். நகல் முடிந்ததும் கழற்றிவிடவேண்டும். செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் பூட்டும்.

மேம்படுத்தலையும் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் 12-ஆம் தேதி பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் யாரிடமும் ‘ஆமா, இல்லையா’ என்று கேட்கவில்லை. விண்டோஸின் கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து, நேராக உச்ச அதிகாரத்தோடு ஓடியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே வருடம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் நான்கில் எத்தனை இன்னும் அதில் ஓடுகின்றன?

இங்கேதான் உங்கள் தங்கை மகன் வருகிறான். வைரஸே வராது என்பது மிகை. லினக்ஸிலும் உங்கள் கணக்கில் ஓடும் நிரல் உங்கள் கோப்புகளை அழிக்கமுடியும். அங்கேயும் ‘சூடோ’ கேட்கும் கடவுச்சொல்லை யோசிக்காமல் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் ரூட் கணக்கைப் பூட்டியே கொடுக்கிறார்கள் என்பது நல்ல வழக்கம். ஆப்பிளின் மேக்கில் 2015-லிருந்து, ரூட் நினைத்தாலும் இயங்குதளத்தின் முக்கியக் கோப்புகளில் கைவைக்கமுடியாது. ஆனால் கோரல்டிராவையும் பேஜ்மேக்கரையும், இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் குவிந்து கிடக்கும் பழைய கோப்புகளையும் வைத்துக்கொண்டு கடை முழுவதையும் மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பையனுக்கு வேறு வேலை கொடுங்கள். நான்கில் மிகப் பழைய கணினி, விண்டோஸ் 11 ஏறாதது ஒன்று இருக்குமே, அதில் லினக்ஸ் போடச் சொல்லுங்கள். அதை வாசல் பக்கக் கவுன்டரில் வையுங்கள். வெளியிலிருந்து வரும் பென்டிரைவ் எதுவானாலும் முதலில் அங்கேதான் செருகவேண்டும் என்று ஒரு விதி. விண்டோஸுக்கென்று எழுதிய ஷார்ட்கட் வைரஸ் அங்கே ஓடாது. வெறும் கோப்பாகப் படுத்துக் கிடக்கும். மறைத்து வைக்கப்பட்ட உண்மையான கோப்பும் பெரும்பாலும் கண்ணுக்கு நேரே தெரியும். வேண்டிய பிடிஎஃப்பையும் படங்களையும் மட்டும் எடுத்து உள்ளே அனுப்பலாம். ஜெராக்ஸ் வேலையும் அங்கேயே நடக்கட்டும். வாடிக்கையாளர்கள் இறக்கிக்கொள்ளும் ஆதார் பிடிஎஃப்கள் டவுன்லோட்ஸில் மாதக்கணக்கில் கிடக்கின்றன அல்லவா? கடை சாத்தும்போது அதைக் காலி செய்வதையும், வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறுவதையும் ஷட்டர் இறக்குவதோடு சேர்த்துப் பழக்கமாக்குங்கள்.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் பின்பக்கத்தில், ‘நேரம் கிடைத்தால் நீங்களே அங்கிருந்து பாருங்கள் ஐயா’ என்று தம்பி போட்டுக்கொடுத்த ரிமோட் மென்பொருளின் எண்ணையும் அதன் நிரந்தரக் கடவுச்சொல்லையும் எழுதியிருக்கிறீர்கள். நான் உள்ளே வரவில்லை. ஆனால் உங்கள் கடிதம் என் மேசைக்கு வருவதற்குள் மூன்று பேர் கையில் இருந்திருக்கிறது. இதை வாசித்து முடித்ததும் அந்தக் கடவுச்சொல்லை எடுத்துவிடுங்கள். தம்பிக்குத் தேவைப்படும்போது கடையில் ஒருவர் உட்கார்ந்து அனுமதி கொடுத்தால் போதும். ஆடி வரை அதற்குக் காத்திருக்கவேண்டாம்.